இருபத்தொன்பது இல்லாத வாட்ச்

அலமாரித் தட்டிலிருந்து வாட்ச்சை எடுத்துக் கையில் மாட்டும்போதுதான் குமரகுருபரன் தேதியைக் கவனித்தான். 2-29 என்று இருந்தது. கிழமைக்கான மூலையில் வியாழனுக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகள். மணி ஆறு ஐம்பது. அது மட்டும் சரியாக இருந்தது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. 1999 மார்ச் ஒன்று. வாட்ச் பழசாகிவிட்டது, பதினாறு வருட உழைப்பு, தேதி கோளாறு பண்ணுகிறது என்று வேறு யாராயிருந்தாலும் சமாதானம் சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டியிருப்பார்கள். குமரகுருபரனுக்கு அந்தச் சமாதானம் கிடைக்கவில்லை. அந்த வாட்ச்சில் பிப்ரவரி இருபத்தொன்பது என்ற நாளே கிடையாது. லீப் வருடத்திலும் கிடையாது.

எண்பத்து மூன்றில் காயல்பட்டினத்து ஷேக் மைதீன் துபாயிலிருந்து கொண்டுவந்து அவன் அப்பா திருஞானசம்பந்தத்திடம் விற்ற டிஜிட்டல் வாட்ச் அது. மாதம், தேதி, கிழமை எல்லாம் காட்டும். வருடம் மட்டும் அதற்குத் தெரியாது. வருடமே தெரியாத பொருளுக்கு லீப் வருடம் எங்கே தெரியப்போகிறது? பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள் என்று செய்தவன் ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டான். அதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஊரெல்லாம் இருபத்தொன்பதாம் தேதியில் இருக்கும்போது அப்பாவின் கை மட்டும் மார்ச் ஒன்றுக்குப் போய்விடும். மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஓரத்துப் பட்டனை முப்பது தடவை அமுக்கி, ஒரு மாதத்தையே சுற்றிவந்து தேதியைச் சரிசெய்வார். அந்தப் பட்டன் முன்னால்தான் தள்ளும்; பின்னால் வராது. "என் சர்வீஸ்ல மூணு நாளை இந்த ஜப்பான்காரன் முழுங்கிட்டான்வே" என்று ஆபீஸில் எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டிச் சிரிப்பார்.

நாலாவது இருபத்தொன்பது தொண்ணூற்றாறில் வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. அன்றுதான் அவர் செத்துப்போனார்.

குமரகுருபரன் கட்டிலில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிப் பார்த்தான். 29 போய் 1 வந்தது. மேலும் மேலும் அமுக்கினான். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, அடுத்து மறுபடி ஒன்று. இருபத்தொன்பது வரவில்லை. வராது என்று அவனுக்கே தெரியும். மாதத்தை மார்ச்சாக்கி, ஒன்றாம் தேதி வைத்து, திங்களும் வைத்துவிட்டு மூச்சுவிட்டான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா சொர்ணாம்பாள் திங்கட்கிழமை தவறாமல் ஆறு மணி பஸ்ஸுக்கே நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விடுவாள். திரும்பிவரப் பதினொன்றரை ஆகும். மனைவி மதுமதி வளைகாப்பு முடிந்து நாங்குநேரியில் தாய்வீட்டில் இருந்தாள். ஏழு மாதம். பிள்ளைக்குத் தொட்டில் கட்ட அப்பாவின் அறைதான் வசதி என்று அம்மா சொன்னதால் நேற்று அந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று. கட்டில் போய்விட்டது, மேசை போய்விட்டது, சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. ஈரச் சுண்ணாம்பின் வாடை கதவிடுக்கு வழியாகக் கூடம் முழுக்க வந்து, அடுப்படியில் ஆறிப்போயிருந்த காப்பி வாடையோடு கலந்து, பாளையங்கோட்டையின் அந்தக் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வீட்டைக் கனக்க வைத்திருந்தது.

அந்தக் காலி அறைக்குள் ஒரு டம்ளர் விழுந்தது.

விழுந்த வேகத்தில் ஒரு தடவை துள்ளி, பிறகு தரையில் பைய உருண்டு, சுவரில் மோதி நின்றது. எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் இருந்த டம்ளர், ஏனென்றால் சத்தத்தில் ஒரு பாரம் இருந்தது. அவன் வாட்ச்சைப் பார்த்தான். ஏழு பத்து. தேதி மறுபடியும் 2-29. வியாழன்.

ஏழு பத்து என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த நேரம். அம்மாவுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. இறப்புச் சான்றிதழில் அது இல்லை. அவன் அறைப் பக்கம் போகவில்லை. சாப்பிடாமல், தலைகூடச் சீவாமல், வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

திருநெல்வேலி ஜங்ஷனில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷேக் மைதீன் கடை. துபாய் வியாபாரத்தை விட்டுவிட்டு வாட்ச் ரிப்பேருக்கு உட்கார்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கடை திறக்க ஒன்பது மணி ஆகும் என்று தெரிந்தும் எட்டு மணியிலிருந்தே குமரகுருபரன் மூடிய பலகைக்கு முன்னால் நின்றான். பார்க்கக் கூடாது என்று கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தான்.

ஷேக் மைதீன் வந்து, பலகையை எடுத்து, விளக்கைப் போட்டு, வாட்ச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பார்த்த உடனே பழைய பிள்ளையைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்தது. அப்புறம் தேதியைப் பார்த்தார்.

"இதுல இந்த நம்பர் வராதே தம்பி" என்றார். "இருபத்தெட்டு முடிஞ்சா ஒண்ணு. அதுக்கு மேல இதுக்குச் சொல்லிக் குடுக்கல்லையே."

செல் வீக்காக இருந்தால் எண்கள் தாறுமாறாக வரும் என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டு, கண்ணில் லென்ஸைச் செருகி, பின்மூடியைக் கழற்றி, சின்னச் சாமணத்தால் செல்லைக் கிள்ளி எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். செல் ஒரு பக்கம் கிடந்தது. வாட்ச்சைத் திருப்பினார். எண்கள் அப்படியே இருந்தன. கறுப்பாக, தெளிவாக. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டு புள்ளிகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஒன்பது பதினாறு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது பதினேழு.

அவர் லென்ஸைக் கழற்றினார். உதடு மட்டும் அசைய எதையோ ஓதினார். செல்லைத் திரும்பப் போடவும் இல்லை, கூலி கேட்கவும் இல்லை. மூடியை அழுத்திவிட்டு ஒற்றை விரலால் வாட்ச்சை அவன் பக்கம் தள்ளினார்.

"சம்பந்தம் அண்ணாச்சி எத்தனை மணிக்கு விழுந்தாக?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு" என்றான் குமரகுருபரன்.

மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பொய். அந்த நிலையிலும் அதுதான் முந்திக்கொண்டு வந்தது. ஷேக் மைதீன் அவனையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அவர் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தது அவனைக் கூசவைத்தது.

"வீட்டுக்குப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் கொக்கிரகுளத்தில். பஸ் ஏறாமல் பாலத்தின்மேல் நடந்தான். கீழே தாமிரபரணி வற்றி, பாறைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற சத்தம் பாறையில் பட்டு ஒரு நொடி தாமதித்து மேலே வந்தது. பாதிப் பாலத்தில் நின்று, வாட்ச்சைக் கழற்றி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினான். பின்னால் போன சைக்கிள்காரர் ஒருவர் வேகம் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். திருட்டுப் பொருளை ஆற்றில் போடுகிறவனைப் பார்க்கிற பார்வை. வாட்ச்சைத் திரும்பக் கையில் மாட்டிக்கொண்டான்.

திருட்டுப் பொருள்தான். அதை அவன் அப்பாவின் கையிலிருந்து கழற்றியபோது அவர் உயிரோடு இருந்தார்.

அன்றைக்கும் அம்மா நெல்லையப்பர் கோயிலுக்குத்தான் போயிருந்தாள். அப்பாவுக்கு சர்வீஸில் கடைசி நாள் என்பதால் அவர் பெயருக்கு அர்ச்சனை. மாதத்தின் கடைசித் தேதி, பிற்பகலில் ஓய்வு. சாயங்காலம் மாலை போட்டுக் காரில் கொண்டுவந்து விடுவதாக ஆபீஸில் ஏற்பாடு. ஏழு பத்துக்கு டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு அவன் ஓடினான். அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் அவருடையவையே அல்ல என்பது போலக் கிடந்தன. டாக்டர் வீடு தெருமுனையில். ஓடினால் இரண்டு நிமிடம். அவன் ஓடத்தான் செய்தான். வாசல் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. எம்.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஏழு வருடம். சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஓய்வு பெற்றபின் இறந்தால் கிடையாது. இது அரசாங்க வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆபீஸ் டீக்கடையில் இதை வைத்துத்தான் அப்பாவைக் கேலி செய்வார்கள், இன்னும் இத்தனை நாள்தான் இருக்கிறது, பையனுக்கு ஏதாவது பார்த்துச் செய்யும் என்று. அப்பாவும் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தக் கேலி தாழ்ப்பாளைப் பிடித்த கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சாகட்டும் என்று அவன் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் கொலைகாரன் என்றாவது தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் பார்ப்போம் என்றுதான் நினைத்தான். பிறகு இன்னொரு ஐந்து நிமிடம். அப்படியே நாலு மணி நேரம் போயிற்று. பிரம்பு நாற்காலியை அப்பாவின் தலைமாட்டுக்குப் பின்னால், முகம் தெரியாத இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டான். நேரம் பார்க்க அவர் கையிலிருந்தே வாட்ச்சைக் கழற்றிக்கொண்டான். வாட்ச் அன்றைக்கு 3-1 என்று காட்டியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஓர் ஆறுதல், சீ, ஆறுதல்தான் வந்தது. இந்த வாட்ச்சின்படி இன்றைக்கு என்று ஒரு நாளே இல்லை. இல்லாத நாளில் நடப்பது நடந்ததாகுமா?

பதினொன்று பத்துக்கு மூச்சு நின்றது. பதினொன்றரைக்கு அம்மா விபூதிப் பிரசாதத்தோடு உள்ளே வந்தாள். பத்தரைக்கு விழுந்தார், டாக்டரைக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகை உண்மை. சாயங்காலத்துக்கென்று சொல்லிவைத்த ஆளுயர மாலையைத்தான் பிணத்துக்குப் போட்டார்கள். போகிற போக்கிலும் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போனார் மனுசன் என்று வந்தவர்கள் எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். மறுநாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்து, பட்டனை முப்பது தடவை அமுக்கித் தேதியைச் சரிசெய்ததும் அவன்தான்.

ஒன்றரை வருடத்தில் அப்பாவின் ஆபீஸிலேயே வேலை வந்தது. அரசாங்க மாப்பிள்ளை என்று மதுமதியைக் கொடுத்தார்கள். புது வாட்ச் வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் கேலி செய்தாலும் அவன் இதைக் கழற்றவில்லை. வருடா வருடம் பிப்ரவரி முடிவில், இருபத்தெட்டிலிருந்து ஒன்றுக்கு அது ஒரே தாவாகத் தாவுவதைப் பார்க்கிறபோது அவனுக்கு மன்னிப்புக் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஆபீஸில் கையெழுத்துப் போட்டபோது மணி பத்து. கண்காணிப்பாளர் பாக்கியசீலன் அப்பாவிடம் வேலை கற்றவர். இவன் பைலை மேசைக்கு மேசை நகர்த்தி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். முகம் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். நாற்காலியில் உட்காரும் முன்பே, திசையன்விளையிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த டைப்பிஸ்ட் இன்பமணி எழுந்து வந்தாள்.

"சார், இப்பந்தான் உங்க அப்பா போன் பண்ணாங்க. மேலுக்கு முடியலையாம். டாக்டரைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

என்ன சொன்னார்கள் என்று அவன் திரும்பக் கேட்டான்.

"பேச்சு கொழகொழன்னு இருந்துச்சு சார். ரெண்டு மூணு தடவை கேட்டப்புறந்தான் வெளங்கிச்சு. ரொம்ப நேரமா கீழே கெடக்காங்களாம்" என்றாள், தன்மேல் ஏதும் தப்பு இருக்குமோ என்ற பயத்தோடு.

அவன் வீட்டில் போன் கிடையாது. அதை அவளிடம் சொல்லவில்லை. பாக்கியசீலனுக்குக் கேட்டிருக்குமோ என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. ஆட்டோ பிடித்தான்.

தெருமுனையில் டாக்டர் வீட்டு வாசல் திறந்திருந்தது. கம்பவுண்டர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே டாக்டர் யாரிடமோ பேசுகிற குரல்கூடக் கேட்டது. நிறுத்தவா சார் என்று ஆட்டோக்காரர் கேட்டார். வேண்டாம், நேராகப் போங்கள் என்றான். முதலில் பார்த்துவிடலாம். ஒன்றும் இல்லாமல் இருந்தால் டாக்டர் முன்னால் அசிங்கமாகப் போய்விடும். இப்படி ஒரு காரணம் அவனுக்கு எப்போதும் கையிலேயே இருக்கும்.

வாசலில் அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தான்.

சுண்ணாம்பு வாடை இல்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் இல்லாத வாடைகள் இருந்தன. அப்பா தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய். புது வேட்டியின் கஞ்சி. அவற்றுக்கு அடியில், லேசாக, மூத்திரம். கூடத்தில் நின்றபோதே மூச்சு கேட்டது. உள்ளே போகும்போது சளியில் மாட்டி இழுத்து, வெளியே வரும்போது கன்னத்தை உப்பவைத்துப் புஸ்ஸென்று விடுகிற மூச்சு. நாலு மணி நேரம் அதை எண்ணியவன் அவன். வேறு யாருடைய மூச்சோடும் அவனுக்கு அது குழம்பாது.

அறைக் கதவைத் தள்ளினான். கட்டில் இருந்தது. மேசை இருந்தது. போன வருடம் உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்த பிரம்பு நாற்காலியும் இருந்தது. டம்ளர் சுவரோரம் கிடந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பனியனும் புது வேட்டியுமாக அப்பா கிடந்தார்.

முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது.

அன்றைக்கு அவன் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. நினைவு இருந்திருக்காது, ஒன்றும் தெரிந்திருக்காது என்று மூன்று வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். நினைவு இருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது. தலைக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டதை, கையிலிருந்து வாட்ச் கழன்றதை, கதவு திறக்காததை, எல்லாவற்றையும் அந்தக் கண் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறது. இடது கை தரையில் சுரண்டியது. நகத்தில் காரை. வாய் கோணி, ஒரு சொல் எச்சிலோடு வந்தது. டாக்டர் என்றுதான் இருக்க வேண்டும்.

வாட்ச்சில் பத்து இருபத்தேழு. இன்னும் நாற்பத்து மூன்று நிமிடம்.

அவனுக்குப் புரிந்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாளைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். தெருமுனைவரை ஓடினால் போதும். ஓடினான். கூடத்தைத் தாண்டினான். தாழ்ப்பாளில் கை வைத்தான்.

பிழைத்துவிட்டால்?

பிழைத்துவிட்டால் சாயங்காலம் அவருக்கு ஓய்வு. வேலை இல்லை. பைல் இல்லை. வேலை இல்லாதவனுக்கு யார் மதுமதியைக் கொடுப்பார்கள்? அவள் வயிற்றில் இருப்பது? எல்லாவற்றையும் வெள்ளையடித்த சுவர்மாதிரி யாரோ துடைத்துவிடுவார்கள். இல்லை, டாக்டர் வந்து பார்த்து அறை காலியாக இருந்தால்? என்ன ஏது என்று கேட்பார். இவன் உளறுவான். எப்போது விழுந்தார் என்பது வெளியே வரும். அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியும்.

ஐந்து நிமிடம். யோசிக்க ஐந்து நிமிடம் மட்டும். அவன் கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டான். சத்தம் வராமல் போட்டான். அதற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி நடந்தான். வெட்கம் எந்தக் காலத்திலும் அவன் காலைப் பிடித்து நிறுத்தியதில்லை.

அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றான்.

அப்பாவின் மூச்சு நின்றது.

பத்து முப்பத்தொன்றுதான் ஆகியிருந்தது. அதற்குள் நிற்கக் கூடாதே. நேரத்தைச் சரிபார்க்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை. மறுபடி தூக்கினான். தோள் வந்தது. கை மடியிலேயே கிடந்தது. யாருடைய கையோ போல.

கத்த வாயைத் திறந்தான். வாய் ஒரு பக்கம் மட்டும் திறந்தது.

நாற்காலி சாய்ந்தது. தரை வந்து கன்னத்தில் அடித்தது. சில்லென்று இருந்தது. பல்லில் காரை கடிபட்டது. மூச்சு உள்ளே போனது. சளியில் மாட்டியது. இழுத்தது. கன்னம் உப்பிப் புஸ்ஸென்றது. அது அவன் மூச்சு.

முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார். வேட்டியை உதறினார். மடித்துக் கட்டினார். அவசரம் இல்லை. நெடுந்தூரம் நடந்து வந்த மாதிரி பெருமூச்சு விட்டார். சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

குளிர்ந்த விரல்கள் அவன் மணிக்கட்டைத் தொட்டன. பட்டை வலிக்காமல் கழன்றது. நகம்கூடப் படவில்லை.

"பயப்படாதலே" என்றார் அப்பா. குரலில் குழறல் இல்லை. சின்ன வயதில் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அதே குரல். "சர்வீஸ்ல இருக்கும்போதுதானே போறே. மதுமதி பன்னெண்டு படிச்சிருக்கால்லா, அவளுக்கு ஆயிரும். பாக்கியசீலன் பாத்துக்கிடுவான்."

அவன் இடது கை தரையைச் சுரண்டியது. டாக்டர் என்று சொல்லப் பார்த்தான். எச்சில்தான் வந்தது.

அப்பா நாற்காலியைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முகத்துக்கு நேராக, முழங்கால் இடிக்கிற தூரத்தில் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாட்ச்சை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, கண் எடுக்காமல் அவனைப் பார்த்தபடி இருந்தார்.